தனிமைத் தொட்டிக்கு உறை ஊற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமை சென்னை கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் மீன் வாங்கி வந்துவிட்டு, திங்கட்கிழமை காலையில் "தனிமைத் தொட்டியின் ஃபில்டரை உடனே பழக்க என்ன வழி?" என்று கேட்பவர்கள் நிறையப் பேர். அதற்கும் கீழே பதில் இருக்கிறது. ஆனால் சந்தோஷமாகச் சொல்லும் பதில் அல்ல. ஒரு மாதம் முன்பே கேட்டிருந்தால் வேலை மிக எளிது. தனிமைத் தொட்டி என்பது, புது மீனைப் பழைய மீன்கள் இருக்கும் பெரிய தொட்டியில் விடுவதற்கு முன் தனியே வைத்துப் பார்க்கும் சிறு தொட்டி. ஃபில்டரைப் பழக்குவது என்றால், மீன் கழிவைத் தின்னும் பாக்டீரியாவை அதில் வளர்ப்பது. இங்கே சொல்லியிருப்பதெல்லாம் நன்னீர் மீன்களுக்கானது. சென்னை போன்ற வெக்கையான ஊரில், நாற்பது லிட்டர் தண்ணீரும் ஒரு காற்று பம்ப்பும் வைத்துக்கொண்டு சமாளிப்பவரை மனத்தில் வைத்து எழுதியது.

தனிமைத் தொட்டி அவசியமா?

அவசியம். கடைத் தொட்டியில் பளிச்சென்று இருந்த மீன், வீட்டுக்கு வந்து ஐந்தாம் நாள் வெண்புள்ளி நோயைக் காட்டும். அப்போது அது எந்தத் தொட்டியில் இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் நஷ்டம் ஆறு மீனா, அறுபது மீனா என்பது தீர்மானமாகும். நான்கு வாரம் தனியே வையுங்கள்.

புதுத் தொட்டி, புது ஸ்பாஞ்ச் ஃபில்டர், சுத்தமான தண்ணீர். இதில் என்ன குறை?

சுத்தம்தான் குறை.

முதல் முறை நானும் அப்படித்தான் வைத்தேன். ஆறு கோரிடோரஸ் மீன்கள். தொட்டி கண்ணாடியாக மின்னியது. ஸ்பாஞ்ச் கடையிலிருந்து வந்த கருமை மாறாமல் குமிழி விட்டுக்கொண்டிருந்தது. மூன்றாம் நாள் மீன்கள் மேலே ஓடிவந்து காற்றை விழுங்கிவிட்டு, கீழே போய் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தன. செவுள்கள் சிவந்திருந்தன. நோய் என்று எண்ணி மருந்து ஊற்றினேன். ஐந்தாம் நாள் இரண்டுதான் மிச்சம். அதற்குப் பிறகுதான் அம்மோனியாவைச் சோதித்தேன்; நிறம் அட்டையின் கடைசிக் கட்டத்துக்குப் போனது. நோயிலிருந்து காப்பாற்ற வைத்த தொட்டியே மீனைக் கொன்றது.

கணக்கைப் பாருங்கள். மீன் தின்னும் புரதத்தின் கழிவு பெரும்பாலும் அம்மோனியாவாகச் செவுள் வழியே வெளியேறுகிறது. நாற்பது சதவீதம் புரதம் உள்ள தீவனம் 1 கிராம் போட்டால், சுமார் 37 மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜன் தண்ணீரில் சேரும். நாற்பது லிட்டர் தொட்டியில் அது லிட்டருக்கு 0.9 மில்லிகிராம், ஒரே நாளில். பெரிய தொட்டியில் இதே கழிவு கரைந்து, பழகிய ஃபில்டரில் காணாமல் போயிருக்கும். இங்கே அதைத் தின்ன ஆள் இல்லை.

மேலும் நம் ஊர்த் தண்ணீரும் வெயிலும் சேர்ந்து ஒரு வேலை செய்கின்றன. சோதனையில் தெரிவது மொத்த அம்மோனியா. அதில் மீனைக் கொல்வது அயனியாகாத பங்கு. 30 டிகிரி வெப்பத்தில், பிஎச் 7 என்றால் அந்தப் பங்கு நூற்றில் ஒன்றுகூட இல்லை. பிஎச் 8 என்றால் ஏழரை. எட்டரை என்றால் இருபது. போர்வெல் தண்ணீர் பல தெருக்களில் எட்டைத் தொட்டு நிற்கிறது. ஆகவே வெளிநாட்டுக்காரர் ஒருவர் "எனக்கு 0.5 இருந்தும் ஒன்றும் ஆகவில்லை" என்று சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை; அவர் தண்ணீர் வேறு.

உறை ஊற்றுவது என்கிறீர்களே, அது என்ன?

பாலைத் தயிராக்க நேற்றைய தயிரில் ஒரு கரண்டி போடுவதைப் போல, பழகிய தொட்டியில் வளர்ந்த பாக்டீரியாவைப் புதுத் தொட்டிக்குக் கொண்டுபோவது. ஒரே ஒரு வித்தியாசம். உறைமோர் ராத்திரியோடு வேலையை முடித்துவிடும். பாலில் வாழும் பாக்டீரியா வேகமாகப் பெருகும். அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா இரட்டிப்பாக நல்ல சூழலிலேயே அரை நாள், ஒரு நாள் ஆகும். அதனால்தான் ஒன்றுமில்லாத தொட்டி தானாகப் பழக நான்கிலிருந்து ஆறு வாரம் எடுக்கிறது. மண்சட்டியைப் பழக்காமல் அடுப்பில் வைத்தால் விரிசல் விடுவதுபோல, பழகாத தொட்டியில் மீனை விட்டாலும் சேதம்தான்.

அந்த பாக்டீரியாக்கள் எவை?

வேலை இரண்டு கட்டம். முதல் கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட் ஆக்கும். இரண்டாம் கூட்டம் நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்கும். இது இருவேறு கூட்டத்தின் வேலை என்பதை 1890-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வினோகிராட்ஸ்கி காட்டினார். மீன் தொட்டியில் இரண்டாம் வேலையைச் செய்வது நைட்ரோபாக்டர் என்று வெகுகாலம் நம்பியிருந்தார்கள். 1998-இல் நன்னீர்த் தொட்டிகளைச் சோதித்தபோது அங்கே இருந்தது நைட்ரோஸ்பைரா. பிறகு 2015-இல் இரண்டு வேலையையும் தனியாகவே முடிக்கும் நைட்ரோஸ்பைரா வகைகள் கண்டுபிடிக்கப்பட்டன. அவற்றில் ஒரு தொகுதியை நெதர்லாந்து ஆய்வாளர்கள் எடுத்தது மீன் வளர்ப்பு அமைப்பு ஒன்றின் வடிகட்டியிலிருந்துதான். நம் ஸ்பாஞ்சின் உறவுக்காரர்கள்.

பெரிய தொட்டியின் தண்ணீரைப் பாதிக்குப் பாதி ஊற்றினால் போதாதா?

போதாது. இந்த பாக்டீரியாக்கள் மிதப்பவை அல்ல, ஒட்டி வாழ்பவை. ஸ்பாஞ்ச், செராமிக் வளையம், மணல், கண்ணாடியின் உட்பக்கம் என்று எதன்மேலாவது பிசுபிசுப்பான படலமாகப் படிந்திருக்கும். பழைய தண்ணீர் ஊற்றினால் பிஎச், உப்புத்தன்மை ஒத்துப்போகும். அந்த அளவில் நல்லது. பாக்டீரியா வந்துவிட்டதாக நினைத்துக்கொள்ள வேண்டாம்.

சரி, செய்முறை என்ன?

தனிமைத் தொட்டிக்கு என்று ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர் வாங்குங்கள். அதை இன்றே பெரிய தொட்டியில் போட்டு, காற்றுக் குழாயை இணைத்து ஓடவிடுங்கள். நான்கு வாரம் குறைந்தபட்சம். ஆறு வாரம் நிம்மதி. அவ்வளவுதான் செய்முறை. கேட்பவர்களுக்கு இதில் ஏமாற்றமாக இருக்கும். ஏதோ ரகசியம் இருக்கிறது என்று எதிர்பார்ப்பார்கள்.

ஸ்பாஞ்ச் சும்மா தண்ணீரில் முங்கிக் கிடந்தால் போதாது. அதன் ஊடாகத் தண்ணீர் ஓட வேண்டும். 1 மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜனை நைட்ரேட் ஆக்க ஏறத்தாழ நாலரை மில்லிகிராம் ஆக்சிஜன் தேவை. தண்ணீர் ஓடாத ஸ்பாஞ்சின் உட்பகுதிக்கு அது கிடைக்காது. இன்னொரு காற்றுக் குழாய் தொங்குவது அழகைக் கெடுக்கிறது என்றால், ஸ்பாஞ்சை மட்டும் கழற்றி டாப் ஃபில்டருக்குள் (தொட்டியின் மேலே உட்காரும் வடிகட்டி) வெள்ளைப் பஞ்சுக்குக் கீழே வையுங்கள். சம்ப் (தொட்டிக்குக் கீழே தனியாக வைக்கும் வடிகட்டித் தொட்டி) இருப்பவர்களுக்குக் கவலையே இல்லை.

நான் எப்போதும் இரண்டு ஸ்பாஞ்சுகளைப் பெரிய தொட்டியில் ஊறப்போட்டு வைத்திருப்பேன். ஒன்று புது மீனுக்கு. இன்னொன்று, பழைய மீன் எதுவாவது திடீரென்று சுருண்டால் அதைத் தனியே எடுத்து வைப்பதற்கு. நோய் முன்கூட்டிச் சொல்லிவிட்டு வருவதில்லை.

ஸ்பாஞ்சா, செராமிக் வளையமா?

தனிமைத் தொட்டிக்கு ஸ்பாஞ்ச். வளையங்களில் பரப்பு அதிகம் என்பது உண்மைதான். ஆனால் காற்றால் ஓடும் எளிய ஸ்பாஞ்ச் குஞ்சு மீனை இழுக்காது, மின்சாரம் போனாலும் திறந்த தண்ணீரிலேயே நிற்கும், வேலை முடிந்தால் தூக்கி எறியவும் மனம் வரும். செராமிக்கை எறிய யாருக்கும் மனம் வராது. மருந்தில் ஊறியதைக் கழுவித் திரும்ப வைப்பார்கள். பவளத் துண்டு, சிப்பி போன்ற சுண்ணாம்புப் பொருள்களை மீடியாவாக (ஃபில்டருக்குள் நிரப்பும் பொருளாக) வைத்தால் தாமிர மருந்தை அவை உறிஞ்சிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஆறு வாரம் ஊறப்போட்டும் தனிமைத் தொட்டியில் அம்மோனியா ஏறுகிறதே?

இது நல்ல கேள்வி. ஊறிய நாளை மட்டும் எண்ணுகிறோம், பங்கை எண்ணுவதில்லை.

ஒரு தொட்டியில் எவ்வளவு அம்மோனியா உற்பத்தியாகிறதோ அவ்வளவுக்குத்தான் பாக்டீரியா இருக்கும். பெரிய தொட்டியில் ஏற்கெனவே கனிஸ்டர் ஃபில்டர் (தொட்டிக்கு வெளியே வைக்கும் மூடிய வடிகட்டி) ஒன்று இரண்டு வருடமாக ஓடிக்கொண்டிருந்தால், வருகிற சாப்பாட்டில் பெரும்பங்கை அதுவே தின்றுவிடும். புதிதாகப் பந்தியில் உட்கார்ந்த ஸ்பாஞ்சுக்கு மிச்சம்தான். இருபது சிறிய மீன் உள்ள தொட்டியில் ஊறிய ஸ்பாஞ்ச், இருபது மீனைத் தாங்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஐந்தாறு மீனைத் தாங்கினால் நல்ல ஸ்பாஞ்ச்.

ஆகவே புது மீனைக் கொஞ்சமாக வாங்குங்கள், முதல் வாரம் தீவனத்தையும் கொஞ்சமாகப் போடுங்கள். விதை இருப்பதால் நான்கைந்து நாளில் பாக்டீரியா தேவைக்கு ஏற்பப் பெருகிவிடும். கூடுதல் பலம் வேண்டுமானால், மாற்றும் நாளில் பெரிய தொட்டியின் பழைய மீடியாவிலிருந்து ஒரு பிடி எடுத்து வலைப் பையில் கட்டி ஸ்பாஞ்சுக்குப் பக்கத்தில் போடலாம். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். பெரிய தொட்டி தள்ளாடும்.

மாற்றும் நாளில் என்ன செய்ய வேண்டும்?

முதலில் தனிமைத் தொட்டியை நிரப்பிக் குளோரினை நீக்கிவிட்டு, காற்று ஓடும்படி தயாராக வையுங்கள். பிறகு ஒரு சின்ன வாளியில் பெரிய தொட்டித் தண்ணீரை மொண்டுகொள்ளுங்கள். ஸ்பாஞ்சைத் தண்ணீருக்குள்ளேயே வாளியில் இறக்கி எடுத்துவந்து, புதுத் தொட்டியில் வைத்து, காற்றுக் குழாயைச் செருகுங்கள். பக்கத்து அறைக்குப் போவதானால் இரண்டு நிமிட வேலை. ஊரைத் தாண்டிக் கொண்டுபோவதானால், ஸ்பாஞ்சை ஈரம் சொட்டச் சொட்டப் பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து, பாதி காற்று இருக்கும்படி மூடுங்கள். தண்ணீர் நிரப்பி இறுக மூடினால் உள்ளே ஆக்சிஜன் தீர்ந்துவிடும். வண்டியில் வெயில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எடுக்கும்போதே தெரிந்துவிடும். நன்றாக ஊறிய ஸ்பாஞ்ச் கருமை மங்கிப் பழுப்பேறி இருக்கும். கையில் வாங்கினால் கனக்கும், லேசாக வழுக்கும். முகர்ந்தால் முதல் மழையில் நனைந்த மண்ணின் வாசனை. அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் உள்ளே காற்று போகாமல் கெட்டுவிட்டது, அதைக் கொண்டுபோகாதீர்கள்.

குழாய்த் தண்ணீரில் மட்டும் கழுவிவிடாதீர்கள். அழுக்காக இருக்கிறதே என்று அம்மாவோ மனைவியோ எடுத்துச் சோப்புப் போட்டு அலசி, மொட்டை மாடியில் காயவைத்த கதை எங்கள் வட்டாரத்தில் ஒன்றுக்கு மேல் உண்டு. வாளித் தண்ணீரில் ஒரே ஒரு முறை மெல்லப் பிழிந்தால் போதும். தேநீர் நிறத்தில் கசடு வெளியேறும். தொட்டி கலங்கினாலும் பரவாயில்லை என்றால் அதைக்கூடச் செய்ய வேண்டாம்.

ஸ்பாஞ்ச் வேலை செய்கிறதா என்று மீனை விடாமலே சோதிக்க முடியுமா?

முடியும், நவச்சாரம் போதும். அம்மோனியம் குளோரைடுதான் அது. பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுபவர் பழுத்த பாத்திரத்தில் தூவியதும் வெண்புகை எழுமே, அதே பொருள். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் கட்டியில் வேறு என்ன கலந்திருக்கிறது என்று சொல்ல முடியாது. ஆய்வுக்கூட இரசாயனக் கடையில் தூய தூளாக வாங்குங்கள்.

நாற்பது லிட்டருக்குக் கால் கிராம். அதைக் கரைத்து ஊற்றினால் லிட்டருக்கு 2 மில்லிகிராம் அம்மோனியா வரும். இருபத்துநான்கு மணி நேரம் கழித்து அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் சுழியம் என்றால் தொட்டி மீனுக்குத் தயார். அம்மோனியா போய் நைட்ரைட் நின்றால் இரண்டாம் கூட்டம் பின்தங்கியிருக்கிறது. சில நாள் பொறுங்கள். இரண்டும் அப்படியே நின்றால் ஸ்பாஞ்ச் வெறும் ஸ்பாஞ்ச்தான். சோதனை முடிந்ததும் பாதித் தண்ணீரை மாற்றிவிட்டு மீனை விடுங்கள்.

மீன் இருக்கும் தொட்டியில் இந்தச் சோதனையைச் செய்யக் கூடாது. சொல்லத் தேவையில்லைதான்; ஆனாலும் சொல்லிவிடுகிறேன்.

ஸ்பாஞ்ச் தயாராக இல்லை, மீன் வந்துவிட்டது. இப்போது?

முதலில் பைத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். மூடிய பையில் மீன் விட்ட கரியமில வாயு பிஎச்சை இறக்கி வைத்திருக்கும். பையைத் திறந்ததும் அது வெளியேறி பிஎச் ஏறும், அதுவரை அடங்கியிருந்த அம்மோனியா நஞ்சாக மாறும். பையை மிதக்கவிட்டு வெப்பம் சமமானதும் வலையால் மீனை மட்டும் எடுத்து விடுங்கள்.

அடுத்து, பெரிய தொட்டி ஃபில்டரின் பழைய மீடியாவில் ஒரு பங்கை எடுத்துப் போடுங்கள். புது ஸ்பாஞ்சின் மேல் பழைய பஞ்சைப் பிழிந்து விடுவதும் கொஞ்சம் உதவும். ஆனால் பிழிந்த கசடில் பாக்டீரியாவோடு அழுக்கும் வருவதால் அதை மட்டும் நம்பாதீர்கள். முதல் இரண்டு நாள் தீவனமே வேண்டாம். வளர்ந்த மீன் பட்டினியைத் தாங்கும். பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஒரு சிட்டிகை. தினமும் அம்மோனியாவைப் பார்த்து, லிட்டருக்கு 0.25 மில்லிகிராமைத் தாண்டினால் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை தண்ணீரை மாற்றுங்கள். இரண்டு வாரம் வாளி தூக்க வேண்டியிருக்கும். அடுத்த முறை ஸ்பாஞ்ச் முன்கூட்டியே ஊறிக்கொண்டிருக்கும் என்பது என் அனுபவம்.

மருந்து போடாத நாட்களில் மணி பிளான்ட் கொடி ஒன்றை வெட்டி, வேர் மட்டும் முங்கும்படி தொங்கவிடலாம். ஏற்கெனவே வேர் விட்டதாக இருக்க வேண்டும். ஆகாயத்தாமரை இன்னும் நல்லது. செடி அம்மோனியாவை நேரடியாக எடுத்துக்கொள்ளும்.

பாட்டிலில் விற்கும் பாக்டீரியா?

சில வேலை செய்கின்றன, சில செய்வதில்லை. நம் ஊரில் பிரச்சினை பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது என்பதோடு முடிவதில்லை. அது எந்தக் கிடங்கில், எந்த லாரியில், எத்தனை நாள் வெந்தது என்பதும் சேர்ந்தது. உறை ஊற்றிய ஸ்பாஞ்ச் இருப்பவருக்கு பாட்டில் தேவையில்லை. இல்லாதவர் வாங்கி ஊற்றட்டும். ஊற்றியதால் மட்டும் சோதனையை நிறுத்திவிட வேண்டாம்.

கடைக்காரரிடமோ நண்பரிடமோ பழைய ஸ்பாஞ்ச் கேட்டு வாங்கலாமா?

நண்பரின் தொட்டியில் பல மாதமாகப் புது மீன் எதுவும் சேராமல், நோயும் இல்லாமல் இருந்தால் வாங்கலாம். கடையிலிருந்து வேண்டாம் என்பேன். "மீனே அங்கிருந்துதானே வருகிறது, அதன் கிருமி ஏற்கெனவே மீனில் இருக்குமே?" என்று ஒருவர் மடக்கினார். வாதம் சரிதான், அதே தொட்டியின் ஸ்பாஞ்ச் என்றால். ஆனால் கடைக்காரர் எடுத்துத் தருவது எந்தத் தொட்டியின் ஸ்பாஞ்ச், போன வாரம் அதில் எந்த மீன் செத்தது என்று உங்களுக்குத் தெரியாது.

பெரிய தொட்டியின் ஸ்பாஞ்ச் வழியாக அங்கிருக்கும் நோய் புது மீனுக்கு வராதா?

வரலாம். வெண்புள்ளி ஒட்டுண்ணி மீனை விட்டு விழுந்ததும் கிடைத்த இடத்தில் ஒட்டிக்கொண்டு நூற்றுக்கணக்கில் பிரியும். ஸ்பாஞ்சும் அதற்கு நல்ல இடம்தான். எனவே பெரிய தொட்டியில் நோய் இருக்கும்போது அங்கிருந்து ஸ்பாஞ்ச் எடுக்காதீர்கள். உண்மையில் அப்போது புது மீனே வாங்காதீர்கள்.

நான் விடாமல் கடைப்பிடிக்கும் விதி ஒன்று: ஸ்பாஞ்ச் பெரிய தொட்டியிலிருந்து தனிமைத் தொட்டிக்குப் போகலாம், திரும்பி வரக் கூடாது. ஒருவழிப் பாதை. வலை, வாளி, குழாய் எல்லாவற்றுக்கும் இதே விதி. தனிமைத் தொட்டியின் வலைக்குச் சிவப்பு நூல் கட்டி வைத்திருக்கிறேன். தொட்டிக்குள் வைத்த கை ஈரத்தோடு அடுத்த தொட்டிக்குப் போவதைத்தான் இன்னும் முழுசாக நிறுத்த முடியவில்லை.

மருந்து போட்டால் பாக்டீரியா செத்துவிடுமே. பிறகு எதற்கு இவ்வளவு பாடு?

எல்லா மருந்தும் ஒன்றல்ல. மெத்திலீன் நீலமும் எரித்ரோமைசினும் இந்த பாக்டீரியாவைத் தெளிவாக அடக்கும். மெத்திலீன் நீலம் கடையில் மிகச் சுலபமாகக் கிடைப்பதால் எல்லாரும் முதலில் அதைத்தான் ஊற்றுகிறார்கள். தொட்டி முழுக்க நீலமாக்குவதைவிட, தேவைப்பட்ட மீனைத் தனிப் பாத்திரத்தில் குறுகிய நேரம் வைத்து எடுப்பது நல்லது. ஃபார்மலின், மாலகைட் பச்சை கலந்த வெண்புள்ளி மருந்துகள் சொன்ன அளவில் போட்டால் ஃபில்டரைப் பெரிதாகப் பாதிப்பதில்லை. குடற்புழுவுக்கான பிராசிகுவான்டலும் அப்படியே. உப்பு லிட்டருக்கு 2, 3 கிராம் வரை பிரச்சினை இல்லை.

எந்த மருந்தானாலும் போட்ட நாளிலிருந்து தினமும் அம்மோனியாவைப் பாருங்கள். ஏறினால் தண்ணீரை மாற்றி, வெளியேறிய அளவுக்கு மட்டும் மருந்தைத் திரும்பச் சேருங்கள். ஃபில்டரில் கரி இருந்தால் முன்பே எடுத்துவிடுங்கள். மருந்தை அது உறிஞ்சிவிடும். மருந்து ஊற்றிவிட்டுக் கரியையும் வைத்துக்கொண்டு "இந்த மருந்து போலி" என்று கடையில் போய்ச் சண்டை போட்டவர்கள் உண்டு.

நைட்ரைட் ஏறினால் உப்புப் போடச் சொல்கிறார்களே, சரியா?

சரி. நைட்ரைட் செவுள் வழியே இரத்தத்தில் நுழைந்து, ஆக்சிஜனைச் சுமக்க முடியாதபடி இரத்தத்தைப் பழுப்பாக்கிவிடும். குளோரைடு அதே வாசலில் முந்திக்கொண்டு நுழைந்து அதைத் தடுக்கும். பத்து லிட்டருக்கு 1 கிராம் உப்பு இதற்குத் தாராளம். இது முதலுதவி, நைட்ரைட் அங்கேயேதான் இருக்கும், எனவே தண்ணீர் மாற்றுவதை விடாதீர்கள்.

போர் தண்ணீர், மெட்ரோ தண்ணீர், கேன் தண்ணீர்: எது நல்லது?

பெரிய தொட்டியில் எதைப் பயன்படுத்துகிறீர்களோ அதுவே. மெட்ரோ தண்ணீரிலும் லாரித் தண்ணீரிலும் குளோரின் இருக்கும். ஆன்டி குளோரின் என்று விற்கும் சோடியம் தயோசல்ஃபேட் படிகத்தைப் போட்டுக் கலக்கிய பிறகே ஸ்பாஞ்சை இறக்குங்கள். இந்த வரிசை மாறினால் ஆறு வார உழைப்பு ஆறு நிமிடத்தில் போகும்.

ஆர்.ஓ. கேன் தண்ணீர் ஏமாற்றும். மென்மையாக இருக்கிறது, மீனுக்கு நல்லது என்று தோன்றும். ஆனால் 1 மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜனை மாற்றும்போது பாக்டீரியா 7 மில்லிகிராம் அளவுக்குக் காரத்தன்மையைத் தின்கிறது. கேன் தண்ணீரில் அது ஏறக்குறைய இல்லவே இல்லை. சில நாளில் பிஎச் ஆறுக்குக் கீழே சரியும், பாக்டீரியா வேலையை நிறுத்தும், அம்மோனியா சேரும். அந்த நிலையில் திடீரென்று போர் தண்ணீர் ஊற்றினால் பிஎச் எகிறி, சேர்ந்த அம்மோனியா முழுதும் நஞ்சாகும். கேன் தண்ணீர்தான் வழி என்றால் போர் தண்ணீரைக் கொஞ்சம் கலந்துகொள்ளுங்கள். அதுவும் இல்லையென்றால் நாற்பது லிட்டருக்கு 2 கிராம் ஆப்ப சோடா. லிட்டருக்கு 30 மில்லிகிராம் அளவுக்குக் காரத்தன்மை கிடைக்கும்.

மின்வெட்டில் ஸ்பாஞ்ச் எத்தனை மணி நேரம் தாங்கும்?

திறந்த தண்ணீரில் நிற்கும் ஸ்பாஞ்ச் சில மணி நேரத்துக்குக் கவலையில்லாமல் தாங்கும். மூடிய கனிஸ்டர் அப்படியல்ல. உள்ளே தேங்கிய தண்ணீரில் ஆக்சிஜன் சீக்கிரம் தீரும், பிறகு மின்சாரம் வந்ததும் அந்தக் கெட்ட தண்ணீர் தொட்டிக்குள் கொட்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்கள் தெருவில் மின்சாரம் திரும்பும்வரை, தனிமைத் தொட்டியை ஒரு பேட்டரி காற்று பம்ப் காப்பாற்றியது. பெரிய தொட்டியின் கனிஸ்டரைத் திறந்து மீடியாவை எடுத்துத் தொட்டிக்குள்ளேயே போட்டு வைத்தேன். பேட்டரி பம்ப் ஒன்று வீட்டில் இருக்கட்டும்.

நான்கு வாரம் முடிந்தது, மீன் நலம். அந்த ஸ்பாஞ்சை என்ன செய்வது?

மருந்து எதுவும் போடவில்லை, நோயும் தென்படவில்லை என்றால், அடுத்த மீன் வரும்வரை தனிமைத் தொட்டியிலேயே ஓடவிட்டு, இரண்டு நாளுக்கு ஒரு முறை துளி தீவனமோ நவச்சாரக் கரைசலோ போட்டு உயிரோடு வைத்திருக்கலாம். எனக்கு அதற்குப் பொறுமை இல்லை. தொட்டியைக் காலி செய்து காயவைத்துவிடுவேன். பெரிய தொட்டியில்தான் இன்னொரு ஸ்பாஞ்ச் ஊறிக்கொண்டிருக்கிறதே.

நோய் வந்திருந்தால் எறிந்துவிடுங்கள். பிளீச்சிங் கரைசலில் ஊறவைத்து, அலசி, ஒரு வாரம் நல்ல வெயிலில் காயவைத்தால் பெரும்பாலான கிருமிகள் போகும். ஆனால் மீன் காசநோயை உண்டாக்கும் மைக்கோபாக்டீரியம் குளோரினுக்கு எளிதில் மசியாது. மீன் மெலிந்து, முதுகு வளைந்து செத்திருந்தால் ஸ்பாஞ்சோடு பேரமே வேண்டாம்.

கடல் மீனுக்கும் இதே ஸ்பாஞ்ச் ஆகுமா?

ஆகாது. உப்பு நீரில் வாழும் கூட்டம் வேறு. கடல் தொட்டிக்குக் கடல் தொட்டியில் ஊறிய மீடியாதான் வேண்டும்.

இப்போதைக்கு மீன் வாங்கும் யோசனை இல்லை. இருந்தும் ஸ்பாஞ்சை ஊறப்போட வேண்டுமா?

மீன் வாங்கும் யோசனை இல்லாமல்தான் நானும் போன மாதம் கொளத்தூர்ப் பக்கம் போனேன். திரும்பும்போது ஸ்கூட்டர் கொக்கியில் எட்டு தேன் கௌராமிகள் தொங்கின.